மாமனார் தண்ணீர் குடிக்காத நாட்கள்

இடுப்பெலும்பு ஒடிந்து அறுவை சிகிச்சை முடிந்ததும் மாமனாரைப் புக்கிட் பெலிம்பிங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவர் எங்களோடு தங்குவது அதுதான் முதல்முறை. சில நாட்களிலேயே அவருடைய உதடு வெடித்துத் தோல் உரியத் தொடங்கியது. வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

"மாத்திர சூடு மாமா. நெறைய தண்ணி குடிக்கச் சொன்னாங்கள்ல."

"தாகமா இல்லம்மா."

காலை உணவிலும் பாதியை ஒதுக்கிவிடுவார். வலியால்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். கணவர் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுதும் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

எங்கள் கழிப்பறையில் பிளஷ் வெகுநாளாகவே மந்தம். பிடியை அழுத்தினால் தண்ணீர் சோம்பலாகச் சுற்றும், கொஞ்சம் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். போக வேண்டியது போகாது. நானும் கணவரும் கூடவே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பழகிவிட்டோம். அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் அவர் நடக்க உதவும் கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டார். பிளஷ் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. அப்புறம் குழாய் திறக்கும் சத்தம், வாளி நிறையும் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"மாமா, வாளியத் தூக்காதீங்க. அப்படியே வச்சிட்டு வாங்க, நான் ஊத்திக்கிறேன்."

"நீ அங்குட்டுப் போம்மா."

"மாமா, கதவத் தொறங்க."

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. கதவுக்கடியில் தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது. கூப்பிட்டேன், மறுபடி கூப்பிட்டேன். தோளால் இடித்ததில் பிளாஸ்டிக் கதவின் தாழ் பிய்ந்துகொண்டு வந்தது.

விழுந்தது கைத்தாங்கியும் வாளியும். அவர் முகம் கழுவும் தொட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மருமக கையால இதெல்லாம் கழுவுறதுக்கு நான் ஆசுபத்திரியிலயே கெடந்திருக்கலாம்."

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். பிளம்பரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"பிளம்பருக்கு நாளைக்குத்தான் முடியுமாம் லா. அதுவரைக்கும் நீ ஊத்தி விடேன்."

"அவரு விட மாட்டாரு. அதுக்குப் பயந்துதான் தண்ணியே குடிக்காம இருக்காரு. ஒங்களுக்குப் புரியுதா?"

போனை வைத்துவிட்டு, நானே சரிசெய்து பார்ப்பதென்று கழிப்பறைக்குள் போனேன்.

முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறைப் பீங்கானில் ஒரேயடியாகக் கொட்டினேன். மடக்கென்று விழுங்கிக்கொண்டது. அப்படியானால் கீழே அடைப்பில்லை, மேலிருந்து வருகிற தண்ணீர்தான் போதவில்லை. பிளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். தண்ணீர் நிறையத்தான் இருந்தது. பிடியை அழுத்திப் பார்த்தேன். அடியிலுள்ள ரப்பர் மூடி சற்றே எழும்பி, உடனே விழுந்து அடைத்துக்கொண்டது. அதை இழுக்கும் சங்கிலி தொளதொளவென்று கிடந்தது. கொக்கியை மாற்றி இறுக்கினேன். இப்போது தொட்டி முழுதும் காலியானது, ஆனாலும் வேகம் வரவில்லை.

அறையிலிருந்து அவர் இருமினார். மறுபடி போகவேண்டி வந்தால் அவரால் ரொம்ப நேரம் அடக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

முகம் பார்க்கும் கண்ணாடியைப் பீங்கான் விளிம்புக்கடியில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் பாயவேண்டிய துளைகளில் பாதிக்குமேல் பழுப்பாகக் காறை பிடித்து மூடிக் கிடந்தன. தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறக்கும்போதெல்லாம் வருகிற சேறும் அதில் இறுகியிருந்தது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். வீட்டிலிருந்த சமையல் வினிகரைச் சூடாக்கித் தொட்டிக்குள் நிற்கும் குழாய் வழியாக ஊற்றி ஊறவிட்டு, மறுபடி குத்தினேன். கறுப்பாகச் சில்லுகள் உதிர்ந்தன. கை எரிந்தது.

"முடிஞ்சிருச்சாம்மா?" அறைவாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் மாமா."

டிஷ்யூவைக் கசக்கிப் போட்டுப் பிடியை அழுத்தினேன். தண்ணீர் சுற்றிலும் ஒரே வீச்சில் இறங்கி, அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனது. தரையைத் துடைத்து, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ் இல்லாததால் அவருக்குக் கூச்சமாயிருக்குமே என்று சமையலறைக்குப் போய், காது மட்டும் அங்கேயே இருக்க, நின்றேன்.

ஒரே ஒரு பிளஷ் சத்தம். குழாய் திறக்கவில்லை.

வெளியே வந்தவர் நேராக மேசைக்குப் போய் ஒரு குவளை தண்ணீரை நிற்காமல் குடித்தார். நான் பார்க்காதது போல வெங்காயம் நறுக்கினேன்.

வேலை முடிந்து வந்த கணவர் பிய்ந்த தாழைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தினார். தாழ் மட்டும் வேண்டாம், திரும்பவும் விழுந்தால் என்ன செய்வது என்றேன்.

"தாழ் இருக்கட்டும்மா" என்றார் மாமனார்.

கணவர் கடைக்குப் போய், அவசரமென்றால் வெளியிலிருந்தும் காசால் திருகித் திறக்கக்கூடிய தாழ் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். மாமனார் உள்ளே போய் அதைப் போட்டுப் பார்த்தார், பிறகு என்னை வெளியிலிருந்து திறந்து பார்க்கச் சொன்னார்.