காப்பாளரின் கதிரை

பழைய பாலங்களுக்குப் பழுதுபார்ப்பு வரைபடம் கீறியே ஓய்வுபெற்றவர் புனிதவதி. கனடாவின் ஸ்காபரோவில் பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறினால் மற்றவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். அவர் தூண்களைப் பார்ப்பார். மகளோடு புடாபெஸ்ட் போனபோதும், அரண்மனையை விட்டுவிட்டு, டான்யூப் நதிக்கு மேல் சங்கிலிகளில் தொங்கும் பாலத்திலேயே பொழுதைக் கழித்தார்.

திரும்பியதும் முதியோர் சங்கம் அவரைப் பேச அழைத்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் முடிந்தால் வாடகை மண்டபத்தின் கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். காப்பாளர்கள் என்று பட்டம் பெற்ற ஐந்தாறு பேர் மட்டும் கைவீசிக்கொண்டு போய்விடுவார்கள். அடுக்குவது எப்போதும் அருள்மலரும் அவரைப் போன்ற சிலரும்தான். ஊரில் சாதி பார்த்து யாருக்குக் கதிரை கொடுத்தார்கள், யாரை நிலத்தில் இருத்தினார்கள் என்று இங்கே எவரும் வாய்திறப்பதில்லை. ஆனால் அந்த அழுக்கு விமானம் ஏறி வந்து, பனியிலும் கரையாமல் கிடந்தது.

"இதுதான் கடைசி, புனிதக்கா. இனி நான் வரமாட்டன்," என்று அன்று கூட்டம் தொடங்குமுன் அருள்மலர் சொல்லியிருந்தார். தனியே வாழும் அவருக்கு நாலு பேர் முகம் பார்க்க இருந்த ஒரே இடம் அது.

புனிதவதி படங்களைக் காட்டத் தொடங்கியதும் தலைமைக் காப்பாளர் இராசதுரை குறுக்கிட்டார். பாலத்து முகப்பிலுள்ள கற்சிங்கங்களுக்கு நாக்கே இல்லையாம், செதுக்கியவன் வெட்கத்தில் ஆற்றில் குதித்தானாம், அதையெல்லோ சொல்லவேணும் என்றார்.

"நாக்கு இருக்கு அண்ணை. கீழ நிண்டு பாத்தால் தெரியாது."

சபை சிரித்தது. புனிதவதி பாலத்தின் கதையைத் தொடர்ந்தார். அதற்கு முன் அங்கே மிதவைப் பாலம்தான். குடியானவன் வரி கட்டிக் கடந்தான். பிரபு சும்மா கடந்தான். புதிய பாலம் கட்ட முடிவானபோது, கடக்கிற எவனும் கட்டணம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் கொதித்தார்கள். பாலம் திறந்தபின் அவர்களும் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. நகரம் அதைத் திரும்பவும் கட்டியது.

"எனக்குப் பிடிச்சது அந்தச் சங்கிலி இல்லை," என்று முடித்தார். "ஒருத்தருக்கும் விலக்கில்லை எண்ட அந்தச் சட்டம்தான்."

கைதட்டல் ஓய்ந்ததும் இராசதுரை பொன்னாடையோடு வந்தார். புனிதவதி கையால் தடுத்தார்.

"பிறகு போர்க்கலாம் அண்ணை. முதல்ல உங்கட கதிரையை மடியுங்கோ."

உது தேவையில்லாத கதை என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். இராசதுரை சுற்றிப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் எழும்பவில்லை. பொன்னாடையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு குனிந்தார். கதிரை மடியவில்லை. இழுத்தார், அமுக்கினார், முழங்காலால் தள்ளியும் பார்த்தார்.

அருள்மலர் பக்கத்தில் வந்து நின்றார், கதிரையைத் தொடவில்லை.

"இருக்கையைப் பிடிச்சு மேல தூக்குங்கோ அண்ணை."

படக்கென்று மடிந்தது. அருள்மலர் சுவரோரத்தைக் காட்டினார். இராசதுரை அதைக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, ஒரு கணம் நின்று, அடுத்த கதிரைக்குத் திரும்பினார். மற்றக் காப்பாளர்களும் வேறு வழியின்றி எழுந்தார்கள்.

அருள்மலர் தன் குளிர் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு புனிதவதியிடம் வந்தார்.

"அடுத்த கூட்டம் எப்ப அக்கா?"