வீடு பார்க்க வந்த நாள்

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது அவளுடைய ஒன்பதாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவளைக் கவனமில்லாத பிள்ளை என்று ரீச்சரும் ஏசினார், நானும் ஏசினேன். ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டர், இரண்டு காதுக்கும் மிஷின் போட வேண்டும், போடாவிட்டால் வகுப்பில் நடப்பது பாதிதான் விளங்கும் என்றார். அதை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில், வருகிறவர்கள் பிரித்துப் போடும் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை.

பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் மிஷினை இலவசமாகக் கொடுப்பார்கள் என்று ஒரு நர்ஸ் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிவத்தைக் கடையில் பில் போடுகிற பிள்ளை நிரப்பித் தந்தாள். அதைக் கொண்டுபோன பிறகு கிராம சேவகரின் கடிதம் இல்லை என்றார்கள். அதைக் கொண்டுபோனால் பிள்ளையின் புகைப்படம் சின்னது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு. கடைசியில், சமூக சேவை உத்தியோகத்தர் வியாழக்கிழமை வீடு பார்க்க வருவார் என்றார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, வீடு இந்தக் கோலத்தில கிடந்தா, பிள்ளையை வளர்க்கத் தெரியாத ஆக்கள் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவினம், பாருங்கோ."

என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் பயம்தான். வெளியாள் வரும்போது இல்லாமையைக் காட்டக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான். அக்கா வீட்டு செற்றி வந்தது, ஸ்டாண்ட் ஃபேன் வந்தது, கண்ணாடி மேசை வந்தது. அவருடைய மகன் ஒரு ஃபிரிட்ஜையும் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இது வேலை செய்யாதே மகன்," என்றேன்.

"அவங்க என்ன, உள்ளுக்க தலையை விட்டா பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தான்.

வியாழக்கிழமை வந்த உத்தியோகத்தர் சின்ன வயதுப் பெண். நல்ல பிள்ளை போலத்தான் இருந்தார். செற்றியின் நுனியில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், படிவத்தில் சரி போட்டுக்கொண்டே போனார். மனைவி கடையில் வாங்கிய சோடாவைக் கொடுத்தாள். மகள் புதுச் சட்டையோடு மூலையில் நின்றாள். அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கால்மணித்தியாலத்தில் எழும்பிவிட்டார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. வீட்டில் போதிய வசதி இருப்பதால் உதவி வழங்க முடியாது என்று இருந்தது.

அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா மேல் கோபப்பட முடியாது. பொய் காட்டியது நான். ஆனால் ஒரு பிள்ளையின் காதுக்கு மிஷின் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்களின் படிவத்தில் கூரை இருக்கிறது, தரை இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, அந்தப் பிள்ளை இல்லை.

மறுநாள் செயலகத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி, "பொட்டக் இன்ன, மல்லி," என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, மர வாங்கைக் காட்டினார். மத்தியானம் வரை அதில் காத்திருந்தேன். அந்தப் பெண்ணின் மேசைக்கு முன்னால் போனதும், இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது.

"மிஸ், அது எங்கட ஃபிரிட்ஜ் இல்லை," என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளங்கேல்ல, ஐயா."

"ஃபேனும் இல்லை. செற்றியும் இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டில இரவல் வாங்கினது. பிள்ளையைப் பிரிச்சுப் போடுவீங்கள் எண்டு பயந்திட்டம்."

பின்னால் யாரோ, "ஃபிரிட்ஜையும் கடன் வாங்கினவரோ!" என்றார். சிரித்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஏன் ஐயா அண்டைக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே, மிஸ். எழுதிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "எங்களுக்குப் படிப்பிக்கேக்க, முதல்ல ஆளோட கதைச்சுப் பார், பிறகு எழுது எண்டுதான் சொல்லித் தந்தவை," என்றார். "இங்க ஒரு நாளில எட்டு வீடு முடிக்கச் சொல்லுகினம். நாளைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த நாள் மகளைத் தன் பக்கத்தில் இருத்தி, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்: "வகுப்பில உங்களுக்கு எது கஷ்டம்?"

மகள் யோசிக்கவே இல்லை. "ரீச்சர் போர்ட்டைப் பார்த்துக் கதைச்சா ஒண்டும் தெரியாது. எங்களைப் பார்த்துக் கதைச்சா வாயைப் பார்த்துப் பிடிச்சிடுவன். அப்பா கதைக்கிறதுதான் சுத்தமா விளங்காது. வாயில கை வச்சுக்கொண்டு குனிஞ்செல்லோ கதைப்பார்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் நானும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

இதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. அவர் பின்பக்கம் திருப்பி, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, மேன்முறையீடு என்று மேலே போட்டார். "குழு கூடித்தான் முடிவெடுக்கும். எப்ப கூடும் எண்டு எனக்கும் தெரியாது, ஐயா. பின்பக்கத்தை வாசிப்பினமோ எண்டும் தெரியாது," என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் பிடித்து என்ன பயன்? மழைக்காலம் வந்து போய்விட்டது. குழு இன்னும் கூடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்துக் கதைக்கும்படி ரீச்சரிடம் கேட்டேன். நாற்பது பிள்ளைகளோடு அதெல்லாம் ஞாபகம் இருக்காது என்றார்.

அதனால் பின்னேரத்தில் மகளின் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். பிழை வரும்போது தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

"கையை எடுங்கோ, அப்பா," என்கிறாள் மகள். "திருப்பிச் சொல்லுங்கோ."