கஞ்சியில் உப்பு குறைவு

நான் சொல்லும் கதைகளில் பாதியை நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம். கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது ஒரு திமிங்கிலம் வாரம் தவறாமல் வந்து என் மீன் சூப்புக்குக் காத்திருந்தது என்றேனே, அது பொய். இரண்டு முறைதான் வந்தது. ஆனால் இது நடந்தது. மணி, நிமிடம் எல்லாம் கைபேசியில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் கீலுங் துறைமுகத்துக்கு வந்தால் காட்டுகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. தனியாக இருக்கிறேன். முப்பது வருடம் ஜப்பான் துறைமுகங்களில் மீனுக்குப் பேரம் பேசியதில் அந்த மொழி ஒட்டிக்கொண்டது. அதை வைத்து வாரா வாரம் ஒரு மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, எங்கள் சீன மொழிக்குக் கொண்டுவருகிறேன். சம்பளம் கிடையாது. நாங்கள் நாலு பேர் கொண்ட குழு. ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. அரட்டையில் எல்லோருக்கும் புனைபெயர்தான். தலைவி ஆமை, தைச்சுங்கில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. படத்திலுள்ள ஜப்பானிய எழுத்துகளை அழித்துச் சுத்தம் செய்கிறவள் சோளம்; பெங்கு தீவில் கருவாட்டுக் கடை. நான் எழுதும் வசனத்தைப் பேச்சுக் குமிழிகளில் பொருத்துகிறவன் பல்லி, வாய் அடங்காது. நான் கணவாய். மூவருக்கும் பெரியப்பா.

எங்களுக்குப் போட்டியாக மீன்முள் என்று இன்னொரு குழு. ஆறு வாரமாக, நாங்கள் வெளியிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்கள் அதே அத்தியாயத்தை வெளியிட்டார்கள். வசனம் என்னுடையது. காற்புள்ளி வரை என்னுடையது.

உள்ளே யாரோ கொடுக்கிறார்கள்.

"சொன்னா சண்டைக்கு வருவீங்க. சோளம் கையில ஃபைல் போன அன்னைக்குத்தான் வெளிய போகுது," என்றான் பல்லி.

"உன் கையிலயும்தான் போகுது," என்றாள் சோளம்.

"நான் சோம்பேறிம்மா. திருடுறதுக்கெல்லாம் உடம்பு வணங்காது."

ஆமை ஒரே வரி எழுதினாள். "இந்த வியாழன் யாருன்னு தெரிஞ்சிடணும். தெரிஞ்சா அவங்க குழுவுல இருக்க மாட்டாங்க."

அன்று சோளம் எனக்குத் தனியாக எழுதினாள். "பெரியப்பா, இந்தத் தீவுல குளிர்காலத்துல மூணு மாசம் என் கடைக்கு மனுஷனே வரமாட்டான். நீங்க மூணு பேரும்தான் எனக்குப் பேச்சு. நான் செய்யல."

நம்பினேன். கொஞ்சம் நம்பவும் இல்லை.

இந்த மாதிரி ஆளைப் பிடிக்க எங்கள் மாதிரிக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய பிரதி போகும். 128ஆம் அத்தியாயத்தில் பதினொன்றாம் பக்கத்தில் நாயகன் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுப்பான். உள்ளே என்ன இருக்கிறதென்று படத்தில் தெரியாது. வசனத்தில் மட்டும்தான் வரும். ஆமைக்கு முள்ளங்கி அப்பம் என்று அனுப்பினேன். பல்லிக்குச் சிப்பி ஆம்லெட். சோளத்துக்கு மீன் உருண்டை சூப். மீன்முள் எதைப் போடுகிறதோ, அதை வாங்கியவர்தான் ஆள்.

வியாழக்கிழமை புயல் விடுமுறை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. இரும்புக் கதவு காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. மதியம் 1:20க்கு மூன்று பிரதிகளையும் அனுப்பினேன்.

2:05. மீன்முள் வெளியிட்டுவிட்டது.

"பெரியப்பா, நீங்களே திறங்க. நாங்க யாரும் தொடல," என்றாள் ஆமை.

"சீக்கிரம். எனக்கு ஆம்லெட் பசி," என்றான் பல்லி.

சோளத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.

முதல் பக்கத்திலிருந்து வந்தேன். எல்லாம் என் வசனம். ஒன்பது... பத்து... 2:11க்குப் பதினொன்று.

நாயகன் கிண்ணத்தை எடுக்கிறான். சொல்கிறான்: 'அடிப்பிடித்த சர்க்கரைவள்ளிக் கஞ்சி.'

நான் யாருக்கும் அனுப்பாத சாப்பாடு.

அன்று மதியம் நான் சாப்பிட்ட சாப்பாடு. அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அடியில் கருகிப்போனது. முப்பது வருடச் சமையல்காரன் இதை வெளியில் சொல்வானா? யாரிடமும் சொல்லவில்லை. சட்டியைத் தொட்டியில் ஊறப் போட்டிருந்தேன்.

"எது பெரியப்பா?" இப்போது சோளம்.

பதில் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன். மூலத்தில் அது பேச்சில்லாத பக்கம். மழை மட்டும். இங்கே மழையின் மேல் ஒரு சத்தத்தை எழுதியிருந்தார்கள்.

சொட்... சொட்...

சமையலறையில் குழாய் சொட்டியது. இது தற்செயல். குழாய் பழசு.

2:14. பதின்மூன்றாம் பக்கம்.

கிரீச்...

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது.

என் வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியப்பா?"

பதினான்காம் பக்கம். சளக்... சளக்...

தொட்டியில் தண்ணீர் அலம்பும் சத்தம்.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். காற்று பாத்திரம் கழுவுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

2:17. கடைசிப் பக்கம்.

சத்தம் எதுவும் எழுதவில்லை.

வீட்டிலும் எதுவும் இல்லை. கதவு அதிர்வதுகூட நின்றுவிட்டது.

ஒரே ஒரு குமிழி. மூலத்தில் 'நன்றி, வயிறு நிறைந்தது' என்றிருக்கும். இங்கே வேறு.

'உப்பு குறைவு.'

எழுந்து போனேன். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் இருந்தது.

சமையலறையில் யாரும் இல்லை.

சட்டி தேய்த்துக் கழுவித் துடைத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தது.

அடியில் ஒரு கருப்புப் பொட்டுகூட இல்லை.

2:31க்கு மீன்முள் குழுத் தலைவனுக்கு எழுதினேன். கரிக்கட்டை என்று பெயர். மரியாதையான பையன். யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். வெகுநேரம் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரே, விளையாடுறீங்களா? நீங்கதானே அனுப்புறீங்க. ஆறு வாரமா. கூடவே குரல் செய்தியும் போடுறீங்க."

அந்த உரையாடலைத் திரையில் படம் எடுத்து அனுப்பினான். என் பெயர். என் கணவாய்ப் படம். குரலையும் அனுப்பினான். என் குரல்தான். கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கேயும் நான் சொல்லாத கதை. நன்றாக இருந்தது.

என் கைபேசியில் அப்படி ஒரு உரையாடலே இல்லை.

எல்லாவற்றையும் அப்படியே குழுவில் போட்டேன். "ஆள் நான்தான். சோளத்தை விட்டுடுங்க."

"பெரியப்பா விட்ட கதையிலயே இதுதான் பெருசு," என்றான் பல்லி. குரலைக் கேட்ட பிறகு, "சோளம், தப்பா பேசிட்டேன். கருவாடு அனுப்பு, காசு குடுத்தே வாங்கிக்கிறேன்," என்று எழுதினான். ஆமை சோளத்தை நீக்கவில்லை. என்னையும் நீக்கவில்லை. சும்மா மொழிபெயர்க்க வேறு ஆள் எங்கே கிடைப்பான்?

அத்தோடு முடிந்திருக்கலாம். மறுநாள் கரிக்கட்டை மறுபடி எழுதினான்.

"பெரியவரே, 129, 130, 131க்கும் வசனம் அனுப்பியிருக்கீங்க. அதெல்லாம் ஜப்பான்லயே இன்னும் வரல. படம் இல்லாததால சும்மா வச்சிருக்கோம். ஆனா 131 பாதியில நிக்குது."

"எங்கே?"

"ஒன்பதாம் பக்கம், ரெண்டாவது கட்டம். பாதி வாக்கியம். அதுக்கப்புறம் ஒரு குரல் செய்தி. பேச்சு இல்ல. மூச்சு மட்டும்தான் கேக்குது. நாலாவது நிமிஷத்துல அதுவும் நின்னுடுது. உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

நல்லாத்தான் இருக்கிறது என்றேன்.

129 வெளிவந்தது. 130 வெளிவந்தது. அவன் வைத்திருந்த வசனம் இரண்டிலும் நான் எழுதியதோடு சொல்லுக்குச் சொல் பொருந்தியது. போன திங்கட்கிழமை 131இன் மூலம் வந்தது. எட்டுப் பக்கம் முடித்தேன். எட்டாம் பக்கத்தோடு கணினியை மூடிவிட்டேன். ஒன்பதை நான் தொடாவிட்டால் என்ன ஆகிவிடும்?

பல்லி நச்சரிக்கிறான். சோளம் மட்டும் தினமும் காலை ஏழு மணிக்கு, "பெரியப்பா, இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். இருக்கிறேன் என்று போடுகிறேன்.

இன்று காலை அவளுக்குப் பதில் போட்டுவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

ஒன்பதாம் பக்கத்தின் முதல் கட்டம் நிரப்பப்பட்டிருந்தது.

மொழிபெயர்ப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.