ஓ என்றால் ஆண், ஆ என்றால் பெண்

அம்மா இத்தாலி பாஷை படிக்கத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டில் இருந்தேன். உக்குவளையில், ரயில் பாதைக்குக் கீழே எங்கள் வீடு. அப்பா த்ரீவீல் ஓட்டினார். அம்மா மாத்தளை டவுனில், மிளகும் கிராம்பும் தரம் பிரிக்கிற ஸ்டோர் ஒன்றில் வேலை செய்தார். மாலையில் அவர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பே கிராம்பு வாசம் வந்துவிடும்.

இத்தாலியில், நாப்போலி நகரத்தில் வேலை செய்த சித்தி, தனக்குத் தெரிந்த வீட்டில் வயதான ஒரு சீமாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று போனில் சொன்னார். கொஞ்சமாவது பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். அதனால் அம்மா சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த வகுப்புக்குப் போனார். டீச்சர் சிங்களத்தில் விளக்குவார். அம்மா அதைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று அம்மா சொன்ன செய்தியை நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்த ஊரில் மேசை ஆம்பிளையாம், கதிரை பொம்பளையாம். சொல்லின் கடைசியில் ‘ஓ’ வந்தால் ஆண், ‘ஆ’ வந்தால் பெண். கத்தி ஆண், ஜன்னல் பெண். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எனக்கு உயர்திணை, அஃறிணை நடத்தியிருந்தார்கள். கதிரை எப்படி ‘அவள்’ ஆகும் என்று நான் சண்டைக்குப் போனேன். கதிரைக்கு அவர்கள் சொல்வது ‘சேதியா’. அப்பா கதிரையில் உட்காரும்போதெல்லாம், “என்ன சேதியா?” என்று அதைக் குனிந்து விசாரிப்பார்.

கை மட்டும் டீச்சரையே திணறடித்தது. ‘மானோ’ என்று ஓவில் முடிந்தாலும் அது பெண்தான். ஏன் என்று டீச்சருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

“வேலை எல்லாம் செய்யிறது கைதானே பாப்பா. அது பொம்பளையாத்தான் இருக்கும்.”

என் கையெழுத்து அழகாக இருந்ததால் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் இருந்த சாமான்களில் எல்லாம் சீட்டு ஒட்டினேன். ஆணுக்கு நீலப் பேனை, பெண்ணுக்குச் சிவப்புப் பேனை. அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே பதில் சொல்வார். நான் தடியில்லாத வாத்தியாராக அடுப்படியில் நடப்பேன். அந்தக் காலத்தில் நான் அதை ஒரு பரீட்சை என்றுதான் நினைத்திருந்தேன். பாஸ் பண்ணினால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மூன்று வருஷம் என்றார்கள். பிள்ளையை எல்கடுவையில், பெரியம்மாவின் தோட்டத்து லய வீட்டில் விடலாம் என்றார்கள். அந்தப் பிள்ளை நான்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். அம்மா வர இரண்டு மணித்தியாலம் இருந்தது. சிவப்புச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு நீலத்தில் எழுதினேன். ‘சேதியா’ ‘சேதியோ’ ஆனது. கத்திக்கு ‘கொல்தெல்லா’ என்று பெண் வேஷம் போட்டேன். அதோடு நிற்காமல், அம்மா தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய வசனங்களையும் மாற்றிப் புதிதாக ஒரு தாளில் எழுதினேன். கல்யாணமானவன், களைத்துப்போனவன், தயாராக இருக்கிறவன் என்று அம்மா முழுக்க ஆணாகிவிட்டார். எனக்கு ஒரு மகள் என்ற இடத்தில், மகனுக்குரிய ‘ஃபீல்யோ’வைப் போட்டேன். இப்படிப் பேசுகிறவரை எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

அன்று மாலை அம்மா கதிரைச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “சேதியோ” என்றார். “சரி” என்றேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பிழையாகக் கேட்டேன். அவர் பிழையாகவே பதில் சொன்னார். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அம்மாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அந்த வீட்டார் வீடியோவில் பேசினார்கள். எங்கள் வாசற்படியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அப்பா ரோட்டில் நின்று, ஹோர்ன் அடிக்கிற வண்டிகளைக் கை காட்டி அடக்கிக்கொண்டிருந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். திரையில் வெள்ளைத் தலை சீமாட்டி, அவருடைய மகள், ஓரத்தில் சித்தி.

பெயர் கேட்டார்கள். அம்மா சொன்னார். கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

“ஸ்போஸாதா” என்றார் அம்மா. பெண்பாலில், திருத்தமாக.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். “ஊனா ஃபீல்யா” என்றார், ஒரு மகள் என்று. அடுத்தடுத்து வந்த எதிலும் பிழை இல்லை. ஓ வர வேண்டிய இடத்தில் ஓ, ஆ வர வேண்டிய இடத்தில் ஆ. மூன்று வாரமாக நான் சொல்லிக்கொடுத்த பிழைகளில் ஒன்றாவது வரக் கூடாதா என்று மனதுக்குள் சாமியைக் கும்பிட்டேன்.

கடைசியாகச் சீமாட்டியின் மகள் கேட்டார்: வருவதற்குத் தயாரா?

அம்மா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, “ஸோனோ ப்ரொந்தோ” என்றார்.

அது ஆம்பிளை சொல்வது. சீமாட்டி விழுந்து விழுந்து சிரித்து, “ப்ரொந்தா! ப்ரொந்தா!” என்று விரலை ஆட்டினார். அம்மாவும் சிரித்தார். “பிடிச்சிருச்சு அக்கா, அவங்களுக்கு உங்களப் பிடிச்சிருச்சு” என்று சித்தி கத்தினார்.

இரண்டு மாதத்தில் அம்மா போனார். நான் எல்கடுவைக்குப் போனேன். மூன்று வருஷம் என்றது ஏழு வருஷமானது. இப்போது அம்மா உக்குவளையில்தான் இருக்கிறார். கோபம் வந்தால் இத்தாலி பாஷையில் ஏசுவார், அதில் ஆண், பெண் எதுவும் பிசகுவதில்லை.

போன மாதம்தான் சீட்டுக் கதையை நான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கே தெரியும். கொப்பி என் பேக்குலதானே இருந்துச்சு” என்றார். “பஸ்ஸுல சரியானதப் படிச்சிக்குவேன். வீட்டுல நீ சொன்னதச் சொல்லுவேன்.”

“ஏன் பேசாம இருந்தீங்க?”

“பேசினா நீ சொல்லிக் குடுக்கிறத நிப்பாட்டிருவ.”

கடைசிச் சொல்லை மட்டும் எனக்காகத்தான் மாற்றிச் சொன்னாரா என்று கேட்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இல்லை என்று தலையாட்டினார். “அது நெசமாவே பிழைதான். அந்தக் கேள்விய கேட்டதும் படிச்சது எல்லாம் மறந்துபோச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, போனைப் பிடித்துக்கொண்டு நான் அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவா, ஆவா என்று மட்டும். ஓ வந்ததும் ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன்.