குடையின் நடுவில் விழுந்த நிழல்

போன வாரம் உத்தமபாளையத்தில், இறந்தவருக்காக ஓதும் ஒரு நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், கோழிக்கூண்டுக்கு மேல் பழைய கேபிள் டிவி குடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். துரு வாடை அடித்ததும் முழங்கால் வலிக்கிற மாதிரி இருந்தது. இந்தக் குடைக்காக எத்தனை தடவை மாடி ஏறியிருப்பேன்.

செயற்கைக்கோளைப் பிடிப்பதுதான் அப்போது என் உத்தியோகம். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. செய்ததெல்லாம் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திக் குடையை ஓர் அங்குலம் நகர்த்துவதும், "வருதா?" என்று கீழே பார்த்துக் கத்துவதும்தான். படம் போனால் தெருவே என்னைத் திட்டும்.

குடை இருந்த மாடிக்கு எதிர்வீடு ஜமீலா அக்காவுடையது. வீட்டுக்காரர் துபாய் போய் நாலு வருஷம். அவர் போகும்போது மகள் வயிற்றில் இருந்தாள். மலையாளச் சேனல் ஒன்றில் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தன்னைக் காட்டப்போகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

"படம் போயிராம பாத்துக்க தம்பி. பிள்ள அத்தா மொகத்தப் பாத்ததில்ல," என்றார் அக்கா.

மார்ச் மாதம். நிகழ்ச்சி தொடங்கிய உடனே திரை புள்ளிபுள்ளியாகி எல்லாம் மறைந்தது. மாடிக்கு ஓடினேன். குடையின் முன்னால் கம்பிகளில் நிற்கும் சிறு பெட்டியின் நிழல் சரியாகக் குடையின் நடுவில் விழுந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குடைதான் நகர்ந்துவிட்டது என்று பதறித் திருப்பினேன். மறுபடி படம் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நிகழ்ச்சி முடிந்திருந்தது.

வருஷத்தில் இரண்டு தடவை, சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து படத்தை மறைக்குமாம். பத்து நிமிஷத்தில் தானே சரியாகுமாம். சாயங்காலம் கேபிள் முதலாளி சொன்னார். "கைய வைக்காம சும்மா நின்னுருந்தா போதும்டா," என்றார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்லாத் தெரிஞ்சீகன்னு அவுகளுக்கு எழுதிட்டேன். கேட்டா நீயும் அப்படியே சொல்லு," என்றார். பிறகு ஊருக்கு வந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கேபிள் தொழில் படுத்ததும் பழைய இரும்புக்குப் போகவிருந்த குடையை அக்காதான் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள்.

கை துடைக்கத் துண்டு கொண்டுவந்த அக்காவின் மகள், குடையைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்தா டிவில வந்தப்ப நீங்கதான படம் புடிச்சுக் குடுத்தீக, மாமா? அம்மா மடியில இருந்து பாத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. நீலச் சட்ட போட்டிருந்தாக."

கூண்டருகே நின்ற அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, நீலந்தான்," என்றேன். வேறு நிறம் என்று சொல்ல அவள் அத்தாவும் இப்போது இல்லை.