ஸ்டூல் மேல் கிடந்த துண்டு

“…எந்தப் புள்ள மேல போயி குத்துமோ, அது தெரிஞ்சும் போட்டுட்டு எந்திரிச்சு வரச் சொல்லுதியளா, சார்?”

தரையில் மண்டியிட்டு, தலையை நிமிர்த்தாமலேயே அவள் கேட்ட கேள்வி இது. கொரோனா ஓய்ந்து, திருப்பூரில் யூனிட்டுகள் மறுபடி மூச்சுவிட ஆரம்பித்திருந்த சமயம். முதலிபாளையம் பக்கம் ஓர் ஏற்றுமதி பனியன் யூனிட்டில், ஒரு தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். அவள் என் லைனில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் டெய்லர். கேட்டது எங்கள் மேனேஜரை. ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அந்த யூனிட் இப்போது இல்லை. ஷெட்டை யாரோ பார்சல் குடோனாக ஆக்கிவிட்டார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் வாயைப் பார்த்துப் படித்தது. அதற்கு அந்த லைன் மாதிரி ஒரு இடம் எனக்கு அமையவில்லை. கரண்ட் போனால் அயர்ன் மாஸ்டர், “கரண்டும் எங்க மச்சானும் ஒண்ணுங்க, எப்ப வருவாங்க எப்ப போவாங்கன்னு ஊட்டுக்காரங்களுக்கே தெரியாது” என்பார். அவருடைய மச்சான் அதே யூனிட்டில் பேக்கிங்கில்தான் இருந்தார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இவள் தெற்கத்திக்காரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு பிழைக்க வந்தவள். “யக்கா, வரும்போது எங்கிட்ட இருந்தது ஒரு டிரங்குப் பொட்டியும் இந்த வாயுந்தான். பொட்டி துருப்பிடிச்சுப் போச்சு, வாயி மட்டும் புதுசு மாதிரியே இருக்கு” என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து, மைதானத்தில் ஓடி, பட்டாளத்தில் மிலிட்டரி போலீஸ் வேலைக்குத் தேர்வானது. பெண்களை அந்த வேலைக்குச் சிப்பாயாக எடுக்க ஆரம்பித்திருந்த புதிது.

அன்றைக்கு எங்கள் லைனில் நடந்த கொண்டாட்டம் தீபாவளிக்குக்கூட நடந்ததில்லை. மிச்சத் துணியில் மகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தோம். கட்டிங் மாஸ்டர் தோளை அளந்துவிட்டு, “கண்ணு, அங்க போனா இந்தத் தோளு அகலமாயிரும். இப்பவே ரெண்டு சைஸ் பெருசா வெட்டறேன்” என்றார். சொன்னபடியே முதல் லீவில் அது கச்சிதமாகப் பொருந்தியது. கேட்டில் வாட்ச்மேன் விளையாட்டுக்குச் சல்யூட் அடிக்க, அவள் நிஜமான சல்யூட் ஒன்றைத் திருப்பி அடித்தாள். மனுஷன் வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த தடவை அவள் வந்தது யாரும் எதிர்பார்க்காத நேரத்தில். அதே டி-ஷர்ட் தொளதொளவென்று தொங்கியது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். அவள் கை எழவில்லை.

வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அம்மாவோடு யூனிட்டுக்கே வந்துவிடுவாள். பட்டாளத்துப் பெண் என்று மேனேஜரும் மறுப்புச் சொல்லவில்லை. செக்கிங் டேபிள் ஓரமாக உட்கார்ந்து, தைத்து வந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிசிறெடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்டேன்.

“என்ன கண்ணு, லீவு நீண்டுட்டே போகுது?”

“லீவு நான் கேக்கலீங்க பெரிம்மா. அவங்களா குடுத்தது” என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஸ்டோர் ரூம் சாவி வாங்கப் போன இடத்தில், அவளுக்கு மேலே இருந்த ஒருவர் கதவைச் சாத்திவிட்டுக் கை வைத்திருக்கிறார். தள்ளிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வெளியே இருந்த இன்னொரு சிப்பாய்ப் பெண், வேறு மாநிலத்துக்காரி, இவள் நடுங்குவதைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

“போலீஸ் ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமல்ல?” என்றேன் நான், விவரம் தெரியாமல்.

“அங்க எல்லாமே உள்ளுக்குள்ளதானுங்க. விசாரிக்கறதும் நம்மாளு, தீர்ப்புச் சொல்றதும் நம்மாளு. யார் மேல புகாரோ அவருக்கு மேல இருக்கறவர்கிட்டத்தான் குடுக்கோணும். அவரு இவருகூட வருஷக்கணக்கா ஒண்ணா சாப்பிட்டவரு. நாங்க ஒரு குடும்பம்னுதான் எப்பவும் சொல்லுவாங்க. குடும்பத்துல ஒருத்தன் மேல புகார் சொன்னா ஊட்ல என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க?”

எனக்குப் பதில் தெரியும்.

எல்லோரையும் அவள் குறை சொல்லவில்லை. ஒரு பெண் அதிகாரி, அவள் சொன்னதை ஒரு வரி மாற்றாமல் எழுதி மேலே அனுப்பினாராம். அவரால்தான் விசாரணையே தொடங்கியது. ஆனால் அந்த விசாரணையில், அவர்கள் விதிப்படி, குற்றம் சாட்டப்பட்டவரும் அதே அறையில் இருப்பார். அவரே நேராக இவளைக் கேள்வி கேட்கலாம்.

“உத்தரவு போடற அதே குரல்ல கேட்டாருங்க பெரிம்மா. அந்தக் குரலைக் கேட்டா உடம்பு விறைக்கறதுக்குத்தானே எங்களுக்கு ட்ரெய்னிங்? கேள்வி காதுல விழறதுக்கு முன்னால நான் அட்டென்ஷன்ல நின்னுட்டேன். வாயே வரலை.”

தண்ணீர் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் மேலே இருந்தது அதே ஆள்தான். அவளுக்கும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். அதற்குப்பின், உன் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி இவளை லீவில் அனுப்பிவிட்டார்கள். “தப்புப் பண்ணினவரு ட்யூட்டியில, நான் லீவுல” என்று சொல்லிச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அந்த வயதில் யாரும் கற்றுக்கொள்ளக் கூடாது.

இருந்தாலும் அந்தப் பெண் அதிகாரி விடவில்லை. விஷயம் மேலே போய், கோர்ட் மார்ஷல், அதாவது பட்டாளத்துக்குள்ளேயே நடக்கிற கோர்ட்டு, நடத்தலாம் என்று உத்தரவாகியிருந்தது. இவள் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மகளுக்கு ஒரு போன் வந்தது. பட்டாளத்து யூனிட்டிலிருந்து யாரோ, ரொம்பப் பிரியமாக ஹிந்தியில் பேசினார்களாம். எதற்கு வம்பு, சரியாக ஞாபகமில்லை என்று சொல்லிவிடு, ஊர்ப் பக்கமாகவே போஸ்டிங் வாங்கித் தருகிறோம் என்று. அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது என்று நினைத்திருப்பார்கள். பக்கத்து மெஷின்களில் வடக்கத்திப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தைக்கிறவளுக்கு ஹிந்தி தெரியாமல் இருக்குமா? பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அன்றோடு அவள் வாய் அடைத்துக்கொண்டது. அந்த வாய்! எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் மெஷினுக்குப் பக்கத்து ஓவர்லாக் அப்போது காலியாக இருந்தது. மறுநாள் காலையில் வந்தவள், தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஸ்டூல் மேல் விரித்தாள், பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி.

“இது யாருக்கு?” என்றேன்.

“எம் மவளுக்கு. அவ போவ மாட்டா. வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்கனயே வந்துருவா. இம்புட்டு அன்பா பேசுதவனுவ கிட்டயா யக்கா நான் எம் புள்ளைய அனுப்பணும்? திட்டுனாக்கூட அனுப்பியிருப்பேன்.”

“அவ என்ன சொல்றா?”

“அவ கெடக்கா.”

மகள் சும்மா கிடக்கவில்லை. என்னிடம் சொன்னாள்: “நான் போகலைன்னா கேஸ் அவ்வளவுதானுங்க. எனக்கப்புறம் புதுசா பொண்ணுக வர்றாங்க பெரிம்மா. அவங்களும் அதே சாவி வாங்க அதே ரூமுக்குத்தான் போவோணும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஊர்ல இருக்கறவங்க புள்ளைகளை அவங்க பாத்துக்கட்டும், நீ எம் புள்ளைங்குது. அம்மா சரின்னு சொல்லாம எனக்குக் காலு எழ மாட்டேங்குதுங்க.”

துண்டு பல நாள் அந்த ஸ்டூலிலேயே கிடந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒடிசாப் பிள்ளை ஒருத்தி, உட்கார மெஷின் இல்லாமல் கைகட்டி நிற்பாள். மேனேஜர் என்னை முறைப்பார். நான் வேறு எங்கோ பார்ப்பேன்.

அப்படி ஒரு மதியம். பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை ஓடிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளக் கை, உள்ளங்கை அகல உடம்பு. அனுப்ப வேண்டிய நாள். வாசலில் லாரி நின்றது. டக்கென்று ஒரு சத்தம். அம்மாக்காரியின் மெஷினில் ஊசி உடைந்தது.

வெளியூர் ஆட்களுக்கு இது தெரியாது. எங்கள் வேலையில் ஊசி உடைந்தால் உடனே கையைத் தூக்கிவிட வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்தால்தான் சூப்பர்வைசர் புது ஊசி தருவார். ஒரு துளி குறைந்தாலும் லைன் நிற்கும். ஊசி உடைந்ததற்கு யாரும் யாரையும் திட்டுவதில்லை. உடைந்ததை மறைத்தால்தான் தலை போகும். ஏனென்றால் அந்தத் துளி துணியோடு துணியாகப் போய், எங்கோ கண் காணாத தேசத்தில் ஒரு குழந்தையின் உடம்பில் ஏறும்.

இவள் கையைத் தூக்கினாள். லைன் நின்றது. பெரிய துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தடவினோம். தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினோம். அயர்ன் மாஸ்டர், “ஏனுங்க, ஊசி தேடறோம்னு எல்லாரும் நல்லா உக்காந்துட்டீங்க, நானும் வரட்டுமா?” என்று ஒரு சிரிப்பு மூட்டினார். நேரம் போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. இரும்பைக் கண்டுபிடிக்கிற மெஷினும் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். மேனேஜர் வாசலுக்கும் லைனுக்குமாக நடந்தார். நல்ல மனுஷன்தான்; லாரிக்காரர் அவர் காதுக்குள்ளேயே குடியிருந்தார்.

“போதும்மா தேடினது. எந்திரிச்சு வாங்க. எள்ளளவு துண்டு, எங்கயாச்சும் தரையிலதான் கெடக்கும். யாருக்குங்க தெரியப் போகுது?”

அப்போதுதான் அவள் அப்படிக் கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்னா? எனக்குத் தெரியுமுல்லா? எந்தப் புள்ள மேல போயி குத்துமோ, அது தெரிஞ்சும் போட்டுட்டு எந்திரிச்சு வரச் சொல்லுதியளா, சார்? யாரு பெத்த புள்ளையா இருந்தா என்ன?”

சொன்னவள் மண்டியிட்டபடியே உறைந்துவிட்டாள். கையில் ஒரு சட்டை, பாதி உதறியபடி. செக்கிங் டேபிளில் மகள் நூலெடுப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

நுனி கிடைத்தது. அவள் கையில் இருந்த அதே சட்டையில்தான், கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள். கழுத்துக்குப் பின்னால், குழந்தை சாய்கிற இடம்.

மற்றதை அவர்கள் இருவரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஈரோட்டைத் தாண்டி வடக்கே போகாதவள் மகளோடு ரயிலேறி, பட்டாளத்துக் கன்டோன்மென்ட் ஒன்றின் மரத்தடி பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகள் போனதும் முதல் வேலையாக ஒரு நாற்காலி கேட்டாளாம். “உக்காந்துட்டேங்க பெரிம்மா. உக்காந்துட்டா அட்டென்ஷன்ல நிக்க முடியாதல்ல?” என்றாள் என்னிடம். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்தே பதில் சொல்லியிருக்கிறாள். அவள் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்த பிறகு, தண்ணீர் கொடுத்த பெண்ணும் இந்தத் தடவை பார்த்ததைச் சொன்னாள்.

தீர்ப்பு சொன்னாலும் அதை இன்னொரு மேலிடம் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அதற்கு மாதக்கணக்காக ஆனது. கடைசியில் அந்த ஆளின் உடுப்பைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இவளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கும் சிலர் இவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். “பரவால்லைங்க, சாவி வாங்கற ரூமுக்குக் கதவையே எடுத்துட்டாங்களாம், அது போதும்” என்றாள். இப்போதும் லீவில் வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. டி-ஷர்ட் மறுபடி பொருந்துகிறது.

கோர்ட்டு, சட்டம், பட்டாளம் எல்லாம் எனக்குக் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான். நான் என் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். பெற்ற பிள்ளையை ஊரார் பிள்ளைகளுக்காக அனுப்புவது எவ்வளவு கனமான காரியம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான். அன்று மதியம் அவள் ஊசியின் நுனியை அட்டையில் ஒட்டி என் கையில் கொடுத்தாள். புது ஊசி வாங்கிக்கொள்ளவில்லை. நேராகப் பக்கத்து மெஷினுக்குப் போய், ஸ்டூல் மேல் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கைகட்டி நின்ற அந்த ஒடிசாப் பிள்ளையைப் பார்த்து, வா மகளே, உட்காரு என்று அவளுக்குப் புரிகிற ஹிந்தியில் சொன்னாள்: “ஆஜா பேட்டி, பைட்டோ.”