பாரிசுக்கு ஒரு ஒத்திகை

நானும் மனைவியும் சுற்றிப் பார்க்கப் போகிற பாரிசில் ஜேப்படித் திருடர்கள் அதிகம் என்று மகள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். பாஸ்போர்ட் போனால் அந்த ஊரில் எந்த பாஷையில் அழுவது? பேண்டுக்குள் ஒரு ரகசியப் பை தைத்து, அதில் பாஸ்போர்ட்டை வைத்து, ரங்கநாதன் தெரு நெரிசலில் மனைவியோடு நடந்து பார்த்தேன். பத்தடிக்கு ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பூ விற்கிற அம்மா கேட்டார்: "இன்னா நைனா, வயிறு வலிக்குதா?"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க கீதுன்னு நீயே ஊருக்குக் காட்டிக்கினு போறியே! பாஸ்போர்ட்ட என் பையில போடு."

"அப்ப நானு?"

"அங்கயும் இப்பிடியே வயித்தப் புடிச்சிக்கினு நட. திருடனுங்க உன் பின்னாடியே வருவானுங்க. நான் நிம்மதியா ஊரச் சுத்திப் பாக்குறேன்."